மருந்துக்கு எந்த அளவை?

காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான், துப்பாக்கிக்குள் வெடிப்பதும் மருந்துதான். அளவை என்றால் ஒரு பக்கம் படியும் மரக்காலும். மறுபக்கம், ஒரு செய்தி உண்மையா என்று தெளிய நம் தருக்க நூல்கள் வைத்திருக்கும் பிரமாணம். இந்த இரண்டு சொற்களும் தத்தம் இரண்டு பொருளோடும் சேர்ந்து உட்காரும் மேசை ஒன்று உண்டு. அமெரிக்க வீடுகளின் கார் ஷெட்டில், சுவரோரம் போட்டிருக்கும் பலகை மேசை. அதன்மேல் நெம்புகோல் வைத்த ஓர் அச்சுப்பொறி, சின்னத் தராசு, பித்தளைக் கூடுகள் நிறைந்த டப்பா, விரித்து வைத்த இரண்டு மூன்று புத்தகங்கள். சுட்டு முடித்த தோட்டாவின் கூட்டை எறியாமல், அதில் பொறி கிளப்பும் புதிய கேப்பு பொருத்தி, மருந்திட்டு, குண்டு செருகித் தாமே மறுபடி தோட்டா செய்துகொள்பவர்களின் மேசை அது.

அங்கே சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்கச் செய்தால்தான் வேண்டும். இந்தியாவில் கதை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். ஆகவே இங்கே கைவேலைக் குறிப்பு தேடுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். இங்கே பேச்சு வேறொன்றைப் பற்றியது. அந்த மேசையில் உட்கார்ந்தவர் ஒவ்வொரு முறையும் முட்டி நிற்கும் கேள்வி ‘எவ்வளவு மருந்து?’ என்பது. அதற்குள் ஒளிந்திருக்கிறது இன்னொரு கேள்வி: ‘யார் சொல்லை நம்புவது?’

மருந்தின் எடையை அவர்கள் கிரெய்னில் சொல்கிறார்கள். ஒரு பார்லி மணியின் எடையிலிருந்து வந்த அளவு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். நம் தட்டார்களின் குன்றிமணியில் சுமார் பாதி. ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குள் போவது பெரும்பாலும் நான்கைந்து கிரெய்ன்தான். மூக்குப்பொடி போடுகிறவர் இரு விரலில் எடுப்பதைப் போல. அது எரிந்து முடிய ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அந்தக் கணத்தில் கூட்டுக்குள் எழும் அழுத்தத்துக்கு அமெரிக்க ஆயுத, தோட்டாத் தயாரிப்பாளர்களின் தரக் கழகம் வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் ஆயிரம் மடங்கு. 1926இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் பெயர்ச் சுருக்கம் ஏறக்குறைய ‘சாமி’ என்றே ஒலிக்கும். ‘சாமி சொன்ன வரம்பு’ என்று அவர்கள் பேசும்போது நம் காதில் என்ன விழுகிறது என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

இனி அளவையின் மறுபக்கத்துக்கு வருவோம். மணிமேகலையில் ஒரு காதை முழுக்கச் சமயவாதிகளின் வாதம்தான். அதில் வேதவியாசர் பெயரால் பத்து அளவைகள் பட்டியலாகின்றன. பின்னாளில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என மூன்றுக்குள் அடக்கினார். கண்ணால் கண்டு அறிவது, கண்டதை வைத்து ஊகித்து அறிவது, அறிந்தவர் சொல்லக் கேட்டு அறிவது. அந்தக் கார் ஷெட் மேசையில் இந்த மூன்றும் படும் பாடு சுவாரசியமானது.

முதலில் காண்டல். பழைய கைகாரர்கள் பலர், ‘சுட்ட கூட்டைப் பார்த்தாலே அழுத்தம் தெரிந்துவிடும்’ என்பார்கள். கேப்பின் முகம் தட்டையாகியிருக்கிறதா, ஓரம் உருண்டிருக்கிறதா, கூட்டின் அடிப்பாகம் வீங்கியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அதிக அழுத்தத்தில் இயங்கும் ரைபிள் தோட்டாவில் இதற்குக் கொஞ்சம் பயன் உண்டு. கைத்துப்பாக்கியில் பெரும்பாலும் ஏமாற்றம்தான். .38 ஸ்பெஷல் தோட்டாவின் வரம்பு 17,000 பவுண்டு. அதே வகைப் பித்தளையும் அதே அளவுக் கேப்பும் .357 மேக்னம் தோட்டாவில் 35,000 பவுண்டைச் சலனமில்லாமல் தாங்குகின்றன. அப்படியானால், .38 ரிவால்வரில் கேப்பு முகம் சுளிப்பதற்குள் அழுத்தம் வரம்பைப்போல் இரண்டு மடங்கைத் தொட்டிருக்கலாம். கூடு தாங்கும், அந்த ரிவால்வர் தாங்குமா என்பதைக் கூடு சொல்லாது. கண் இங்கே பொய் சொல்லவில்லை. கேள்விக்கு உரிய பொருளே கண்ணுக்கு எட்டும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து கருதல். ‘குறைத்துப் போட்டால் ஆபத்தில்லை’ என்பதைவிட நியாயமான ஊகம் இருக்க முடியுமா? பெரும்பாலான மருந்துகளுக்கு அது சரிதான்; உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கி, படிப்படியாக ஏறு என்பதுதான் இந்தக் கைத்தொழிலின் பாலபாடம். ஆனால் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எச்110 என்ற மருந்துக்கு வரும்போது நூல்கள் வேறு பாஷை பேசுகின்றன: மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்காதே. மெல்ல எரியும் அந்த மருந்துக்குப் போதிய அழுத்தம் எழாவிட்டால் சீராக எரியாது. குண்டு குழலின் பாதியிலேயே சிக்கி நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் போகும், அதோடு விரலும் போகலாம். ஜாக்கிரதையாக இருப்பவனைத்தான் அங்கே ஆபத்து பிடிக்கிறது.

இன்னொரு ஊகம்: மருந்து அதே அளவு, குண்டு அதே எடை, குண்டை ஒரு மயிரிழை உள்ளே தள்ளிப் பொருத்தினால் என்ன கெட்டுவிடும்? ஸ்பியர் நிறுவனத்தின் கையேட்டில் ஒரு சோதனைக் குறிப்பு வரும். 9 மி.மீ. தோட்டாவில் குண்டை 0.030 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, வேண்டுமென்றே ஆழமாக இறக்கினார்கள். செப்பு உருளை நசுங்குவதை வைத்து அளக்கும் பழைய முறையில் 28,000 ஆக இருந்த அழுத்தம் 62,000க்குப் போனது. கூட்டுக்குள் இடம் அவ்வளவு குறுகியது. மருந்து அவ்வளவு வேகமானது. ஊகம் நேர்கோட்டில் நடக்கும், வெடிமருந்து நடக்காது.

ஆக எஞ்சுவது உரை. புத்தகத்தில் அச்சாகியிருக்கும் ஓர் எண். முன்பின் பார்த்திராத ஒருவர், எங்கோ ஒரு சோதனைக்கூடத்தில், அழுத்தம் அளக்கும் குழலில் சுட்டுப் பார்த்து எழுதிய எண். அதை நம்பித்தான் முகத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு சிறு குண்டுவெடிப்பை நடத்தவேண்டும்.

பிறர் சொல்லைத் தனி அளவையாக ஏற்கலாமா என்று இந்தியத் தத்துவ மரபு நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டது. காட்சி ஒன்றே போதும் என்றனர் சார்வாகர். பௌத்தத் தருக்கவாதிகளும் வைசேடிகரும், ‘சொல்லை நம்புவதென்பது தனி வழியல்ல, சொன்னவர் நம்பகமானவர், ஆகவே சொன்னது சரியாக இருக்கும் என்ற ஊகம்தான் அது’ என்று அனுமானத்துக்குள் சுருட்டினார்கள். ஐரோப்பாவில் 1748இல் டேவிட் ஹியூம் எடுத்த நிலையும் ஏறக்குறைய இதுவே. நியாய மரபினரான நையாயிகர் ஒப்பவில்லை. ஆப்தன் சொல் தனி அளவைதான் என்றார்கள். யார் ஆப்தன்? 5ஆம் நூற்றாண்டை ஒட்டி நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் விளக்குகிறார்: பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும்; அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் பொருந்தும், ஆரியருக்கும் பொருந்தும், மிலேச்சருக்கும் பொருந்தும் என்கிறார். குலம் கேட்காத இந்த இலக்கணத்தில் ஹாட்ஜ்டனைப் போன்ற கன்சாஸ் மாநிலத்து மருந்து வியாபாரியும் தாராளமாகத் தேறுவார்.

மீமாம்சகர் இன்னும் ஒரு படி போனார்கள். சொல்லில் பிழை எங்கிருந்து வருகிறது? சொல்பவரின் அறியாமையிலிருந்து, ஆசையிலிருந்து, வஞ்சகத்திலிருந்து. சொல்பவரே இல்லாத சொல் என்றால் பிழைக்கு இடமேது? வேதம் யாராலும் இயற்றப்படாதது, ஆகவே குற்றமற்றது. கம்பீரமான வாதம். தோட்டா செய்பவரின் மேசைக்குக் கொண்டுவந்தால் தலைகீழாகக் கவிழ்கிறது. ஆசிரியர் இல்லாத எண்தான் அங்கே மிகப் பெரிய விஷம். சுடுதளத்தில் காதில் விழுந்தது, துண்டுச் சீட்டில் யாரோ கிறுக்கியது, ‘இந்த அளவில் பத்து வருஷமாகச் சுடுகிறார்களாம்’ என்பது. மணிமேகலைப் பட்டியலில் இதற்குப் பொருத்தமான பெயர் இருக்கிறது: ஐதிகம். யார் முதலில் சொன்னார் என்று தெரியாமல் ஊர் சொல்லிவருவது. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்பதுதான் அங்கே அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணம். ஐதிகத்தை ஒருவர் நான்கு இடத்தில் ஒத்துப் பார்த்து, நான்கும் ஒன்றாக இருக்கின்றன என்று திருப்திப்படலாம். செய்தி உண்மையா என்று சோதிக்க அதே நாளிதழின் இன்னும் சில பிரதிகளை வாங்கிப் பார்ப்பவனைப் பற்றி விட்கன்ஸ்டைன் எழுதியிருக்கிறார். நான்கும் ஒரே சீட்டைப் பார்த்து எழுதியதாக இருந்தால் பேய் ஒன்றுதான்.

சரி, ஐதிகத்தை ஒதுக்கிவிட்டு ஆப்தர்களிடம் போவோம். லைமன், ஸ்பியர், ஹார்னடி, சியரா என்று குண்டும் கருவியும் செய்பவர்கள் கையேடு போடுகிறார்கள். ஹாட்ஜ்டன், அலையன்ட் போன்ற மருந்துக்காரர்கள் தங்கள் மருந்துக்குத் தாங்களே அளவு சொல்கிறார்கள். எல்லாரும் அளந்து பார்த்துச் சொல்பவர்கள். ஆனால் ஒரே மருந்துக்கு, ஒரே எடைக் குண்டுக்கு, இரண்டு கையேடுகளின் உச்ச அளவு அரிதாகவே ஒத்துப்போகும். சில சமயம் ஒருவரின் உச்சம் இன்னொருவரின் தொடக்கத்தை ஒட்டி நிற்கும். புதிதாக வருபவர் அதிர்ந்துபோவது இங்கேதான்: ஒருவர் பொய் சொல்கிறாரா?

இல்லை. எடை ஒன்றானாலும் குண்டின் வடிவம் வேறு. உடல் நீண்ட குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கும். கேப்பு வேறு, மருந்தின் உற்பத்தித் தொகுதி வேறு. சோதனைக் குழல் ஒருவருக்கு நுண்ணிய அளவில் கடைந்தது. இன்னொருவருக்கு அது கடையில் வாங்கிய துப்பாக்கி. ‘உச்சம் இவ்வளவு’ என்று எந்தக் கையேடும் சொல்வதில்லை. ‘இந்தக் குண்டு, இந்தக் கேப்பு, இந்த நீளம், இந்தக் குழல், அன்று எங்கள் கையிலிருந்த மருந்து, இவற்றுக்கு உச்சம் இவ்வளவு’ என்றுதான் சொல்கிறது. ‘ஒரு வகையில்’ என்ற முன்னொட்டு இல்லாமல் எந்தக் கூற்றையும் சொல்லாதே என்ற சமணர்களுக்கு இது புதிராகவே தோன்றியிருக்காது. எண்ணை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுபவர், உரையைக் கேட்டவர் ஆகமாட்டார். பாதிச் சொல்லைக் கேட்டவர்.

இதன் மறுமுனையில் ஒரு வேடிக்கை. ஹாட்ஜ்டனின் எச்பி-38, வின்செஸ்டரின் 231 இரண்டும் ஒரே மருந்து, டப்பாதான் வேறு. எச்110, வின்செஸ்டர் 296 ஆகியவையும் அப்படியே. ஆனால் பழைய கையேடுகளில் இந்த இரட்டையருக்கு வெவ்வேறு எண்கள் அச்சாகியிருக்கின்றன. வெவ்வேறு நாளில், வெவ்வேறு தொகுதியை, வெவ்வேறு குழலில் சுட்டதால் வந்த வித்தியாசம். எது உசத்தி என்று அந்த நாளில் நண்பர்கள் வாதாடியிருப்பார்கள். 2006இல் வின்செஸ்டர் மருந்துகளின் விநியோகம் ஹாட்ஜ்டன் கைக்கு வந்த பிறகு இரட்டையர் இருவரும் ஒரே எண்ணைச் சொல்லத் தொடங்கினார்கள்.

சாட்சியின் நோக்கத்தின்மேல் சந்தேகப்படுவதும் உண்டு. பழைய கையேட்டில் இருந்ததைவிடப் புதிய கையேட்டில் அளவு குறைந்திருந்தால், ‘வக்கீல்களுக்குப் பயந்து குறைத்துவிட்டார்கள்’ என்பது அங்கே பரவலான முணுமுணுப்பு. வாத்ஸ்யாயனர் கேட்ட இரண்டாவது நிபந்தனையின் மேல் அடி அது: அறிந்தபடியே சொல்லும் விருப்பம் இவர்களுக்கு இருக்கிறதா? இந்தச் சந்தேகத்தில் உப்புக்கூட இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வேறு, கனமான காரணம் ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் அழுத்தத்தைச் செப்பு உருளையால் அளந்தார்கள். குழலில் துளையிட்டு ஓர் உந்துதண்டு பொருத்தி, அதன் மேல் சின்னச் செப்பு உருளையை வைத்துச் சுடுவார்கள். அது எவ்வளவு நசுங்கியது என்பதை அட்டவணையில் பார்த்து எண்ணாக மாற்றுவார்கள். செப்பு நசுங்க நேரம் வேண்டும். மின்னி மறையும் உச்சத்தை அது தவறவிடும். பிறகு அழுத்தத்தை மின்துடிப்பாக மாற்றும் படிகக் கருவிகள் வந்தன. பழையது காணாததைப் புதியது கண்டது. சில பழைய அளவுகள் வரம்பு தாண்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. பழைய செப்பு எண்ணைப் புதிய எண்ணாக மாற்ற எல்லாத் தோட்டாவுக்கும் பொதுவான வாய்ப்பாடு எதுவும் கிடையாது. சிக்கலைக் கூட்ட, அந்தக் காலத்தில் செப்பு எண்களையே ‘சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். சாட்சி மாறவில்லை, சாட்சியின் கண்ணாடி மாறியது.

கையேட்டை மீறிய ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. எல்மர் கீத், இடாஹோ மாநிலத்துப் பண்ணைக்காரர், துப்பாக்கி எழுத்தாளர். 1920களில் .45 கோல்ட் ரிவால்வரில் கனமான மருந்தளவைப் போட்டு உருளையை வெடிக்க வைத்தவர். அதன் பிறகு உருளைச் சுவர் தடிப்பாக உள்ள .44 ஸ்பெஷலுக்கு மாறி, அன்றைய வரம்புக்கு மிக மேலே பல ஆண்டுகள் சுட்டு, அதைப் பற்றி ஓயாமல் எழுதினார். அவர் வற்புறுத்தல் 1955இல் .44 மேக்னமாகப் பிறந்தது. கீத் ஆப்தரா? அறிந்தவர், சந்தேகமில்லை, வெடித்த துப்பாக்கியை மறைக்காமல் எழுதியவர் என்பதால் உண்மை சொல்லும் விருப்பமும் இருந்தது. அவரைப் படித்தவர்களிடம்தான் வம்பு. அவர் எண்ணை எடுத்துக்கொண்டார்கள். அவருடைய துப்பாக்கி, அவருடைய வார்ப்புக் குண்டு, அந்தக் காலத்து மருந்து இவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. தொழிற்சாலைக்காரர்கள் இதை முன்பே யோசித்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. .357 மேக்னத்தின் கூட்டை .38 ஸ்பெஷலைவிட, .44 மேக்னத்தின் கூட்டை .44 ஸ்பெஷலைவிட, ஏறக்குறைய அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீளமாகச் செய்தார்கள். பலமில்லாத பழைய துப்பாக்கிக்குள் புதிய தோட்டா நுழையவே கூடாது என்று. ‘போடாதே’ என்று எழுதி வைத்தால் படிப்பார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்திருக்காது, பித்தளையிலேயே எழுதிவிட்டார்கள்.

நம்பத்தான் வேண்டும் என்றால், எப்படி நம்புவது? 7ஆம் நூற்றாண்டில் மீமாம்சகரான குமாரில பட்டர் தந்த விடை, அறிவு தன்னளவிலேயே செல்லுபடியாகும், அதை மறுக்கும் பாதகம் வரும்வரை நம்பு என்பது. வாழ்க்கையின் பெரும்பகுதிக்கு அது நல்ல வழி. இல்லாவிட்டால் ஊர் பெயர்ப் பலகையைக்கூட நம்ப முடியாது. தோட்டா விஷயத்தில் பாதகம் வரும்போது நிஜமாகவே பாதகமாக வருகிறது. இங்கே நையாயிகர் வழிதான் பொருந்துகிறது. வேதத்தை ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்விக்கு நியாய சூத்திரம் ஒரு விசித்திரமான விடை சொல்கிறது: ஆயுர்வேதத்தைப் பார், விஷம் இறக்கும் மந்திரத்தைப் பார். அவற்றின் பலன் கண்முன்னே தெரிகிறது. சோதிக்க முடிந்த இடத்தில் ஒருவர் சொல் மெய்யானால், சோதிக்க முடியாத இடத்திலும் அவரை நம்ப அடிப்படை கிடைக்கிறது. சொர்க்கம் உண்டு என்பதற்கு இது போதுமா என்று வாசகர் கேட்கலாம். சரியான கேள்வி. கஷாயம் வேலை செய்தது என்பதால் மறுமை நிச்சயமாகிவிடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நையாயிகர் அவசரமாகத் தாண்டிவிட்டார் என்றே தோன்றுகிறது.

ஆனால் அந்த இன்னொரு மருந்துக்கு இந்த வாதம் அச்சாகப் பொருந்துகிறது. கார் ஷெட்காரரிடம் அழுத்தம் அளக்கும் கருவி இல்லை. குண்டின் வேகத்தை அளக்கும் கிரோனோகிராப் வாங்க முடியும். கையேட்டின் தொடக்க அளவில் பத்துத் தோட்டா செய்து சுடுகிறார். புத்தகம் சொன்ன வேகத்துக்கு அருகே வந்தால், வேகத்தைப் பற்றிச் சொன்னவர் அழுத்தத்தைப் பற்றியும் சரியாகச் சொல்லியிருப்பார் என்று ஒரு படி ஏறலாம். உச்ச அளவை எட்டுமுன்பே புத்தகத்தின் உச்ச வேகத்தைத் தன் துப்பாக்கி தாண்டிவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். வேகம் எங்கிருந்தோ இனாமாக வருவதில்லை. அழுத்தம்தான் அதன் விலை. இங்கே காணக்கூடியதும் காணமுடியாததும் ஒரே வெடிப்பின் இரண்டு முகங்கள். கஷாயத்துக்கும் சொர்க்கத்துக்கும் அப்படி ஓர் உறவு இருப்பதை யாரும் காட்டியதில்லை.

இவ்வளவு கணக்கும் போட்டுத் தோட்டா செய்தவர், டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டுகிறார். தேதி, மருந்தின் பெயர், தொகுதி எண், எத்தனை கிரெய்ன், எந்தக் குண்டு, மொத்த நீளம். அந்தச் சீட்டு அவருக்கே அவர் விட்டுவைக்கும் உரை. ஆனால் அதை அடுத்தவர் ஏற்பதில்லை. இன்னொருவர் கையால் செய்த தோட்டாவைச் சுடாதே என்பது அவர்களிடையே உயிர் நண்பனுக்கும் விலக்கில்லாத விதி. நண்பனின் நல்லெண்ணத்தில் குறை இருக்காது. நாலு கிரெய்ன் போட்ட கூட்டுக்குள் அசதியில் இன்னொரு நாலு போட்டானா என்பதை அவனே அறியமாட்டான். .38 கூட்டில் வேகமான மருந்து பாதிகூட நிரம்பாது. இரண்டு தடவை போட்டாலும் வழியாது, குண்டும் ஒழுங்காகப் பொருந்தும்.

தோட்டா செய்பவர் ஒருவர் இறந்துபோனால், ஷெட்டில் அவர் வரிசையாக அடுக்கிவைத்த தோட்டாக்களை, சீட்டு ஒட்டியிருந்தாலும், விவரமறிந்தவர்கள் சுடுவதில்லை. சுத்தியல் போன்ற ஒரு கருவியில் ஒவ்வொன்றாக மாட்டித் தரையில் தட்டுவார்கள். குண்டு கழன்று வரும். குண்டையும் கூட்டையும் வைத்துக்கொள்வார்கள். உள்ளே இருந்தது எந்த மருந்து என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே அதைத் தோட்டத்துப் புல்லில் மெல்லியதாகத் தூவிவிடுவது வழக்கம். அதில் நைட்ரஜன் உண்டு. புல்லுக்கு நல்ல உரம்.